சிட்டம்மாவும் நெல்லூர் பஸ்ஸும்

அந்த வியாழக்கிழமை காலையில எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். லோன் ஆபீசர் சாரு வர்றப்ப மாட்டுல பால் கறந்து காட்டணும்.

அவ்ளோதாங்க. மாடு என்னுது. வாளி என்னுது. கறக்கற கையும் என்னுது. இதுல இன்னா தப்பு நடந்துடப் போகுதுன்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன்.

இது ரெண்டாயிரத்தி ஏழோ எட்டோ. நாங்க அப்ப புதுவாயல் பக்கத்துல இருந்தோம். எங்க ஊட்டுக்காரரு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு இரும்புக் கம்பெனில வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட்டு, ஒரு வாரம் நைட் ஷிஃப்ட்டு. மனுஷன் ஊட்டுக்கு வந்தா தூங்குவாரு, எழுந்தா வேலைக்குப் போவாரு. நான் சும்மா இருந்தேன். சும்மா இருக்கற பொம்பளைக்கு வாய் நீளும்னு எங்க மாமியாரு சொல்லும். அது உண்மைதான்.

அப்பதான் எங்க தெருவுக்குக் கடன் குடுக்கற கம்பெனிக்காரங்க வந்தாங்க. பொம்பளைங்களுக்கு மட்டும்தான் கடன். அதுவும் தொழில் பண்றதுக்கு மட்டும்தான். அஞ்சு பேரு சேந்து ஒரு குழு, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். ஆனா அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல குடுத்துட மாட்டாங்க. மொதல்ல ஒருத்திக்குக் குடுப்பாங்க. அவ தொழிலை ஆரம்பிச்சு அது ஓடுதான்னு ஆபீசரு நேர்ல வந்து பாப்பாரு. பாத்துட்டு சரின்னு எழுதினாதான் அடுத்தவளுக்குக் கடன். முன்னாடி நிக்கறவ கவுந்தா, பின்னாடி நிக்கறவளுக்கு ஒண்ணும் கெடையாது.

இந்த ஆபீசரு திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயசு, ஆனா பயங்கர ஸ்ட்ரிக்ட்டு. இஸ்திரி போட்ட பேண்ட்டு, பளபளன்னு ஷூ. மண் ரோட்டுல அந்த ஷூவைக் காப்பாத்திக்கினு நடக்கறதுக்கே அவருக்குப் பாதி நாள் போயிடும். ஒவ்வொரு மீட்டிங்லயும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவாரு. கடன் பொம்பளைங்க பேர்ல வாங்கி ஆம்பளைங்க கையில குடுத்துடறீங்க, அது எனக்குத் தெரிஞ்சுதுன்னா அந்தக் குழுவுக்கு அதோட சரின்னு. நாங்களும் கோரஸ்ஸா 'அப்படியெல்லாம் பண்ண மாட்டோம் சார்'னு சொல்லுவோம்.

மொதக் கடன் யாருக்குன்னு பேச்சு வந்துது.

நியாயமா பாத்தா ஜமீலாக்காவுக்குத்தான் போயிருக்கணும். ஜமீலாக்கா பழவேற்காட்டுக்காரங்க, கல்யாணம் பண்ணி எங்க தெருவுக்கு வந்தவங்க. அவங்க ஊட்டுக்காரரு லாரி ஓட்டறாரு. போனா எப்ப திரும்பி வருவாருன்னு அவருக்கே தெரியாது. அக்கா வாடகை மெஷின்ல தச்சிக்கினு இருந்தாங்க. திடீர்னு அந்த மெஷினோட சொந்தக்காரி வந்து தூக்கிக்கினு போயிட்டா. அந்த நேரம் பாத்து ஒரு ஸ்கூல்ல இருந்து பசங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கற ஆர்டர் வந்திருக்கு. துணியெல்லாம் அவங்களே குடுத்துட்டாங்க. ஜூன் மாசம் ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள தச்சிக் குடுக்கணும். அதுக்கு மெஷின் வேணும், மெஷினுக்குக் கடன் வேணும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயைத் தொறந்தேன்.

மாடு வாங்கினா மறுநாளே பாலு, பாலு வந்தா அன்னிக்கே காசு, ஆபீசரு வந்தவுடனே ஓகே பண்ணிட்டுப் போயிடுவாரு, அதனால நான் மொதல்ல வாங்கினா ஜமீலாக்காவுக்கு இன்னும் சீக்கிரமா கெடைக்கும். இப்படி ஒரு கணக்கு சொன்னேன். சொன்ன வேகத்துல எல்லாரும் தலையாட்டிட்டாங்க. ஜமீலாக்காவும் தலையாட்டினாங்க.

"நீ சொன்னா சரியா இருக்கும் தேவகி"ன்னாங்க.

இது வேற. திட்டியிருந்தா கூட அப்புறம் எனக்கு அவ்ளோ உறுத்தியிருக்காது.

மாட்டைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்னு நீங்க கேக்கணும். எங்க அம்மா ஊட்டுல மாடு இருந்துது. எங்க அம்மா கறக்கும், நான் குடிப்பேன். அதான் என் அனுபவம்.

பள்ளிப்பட்டு தாண்டி, ஆந்திரா பார்டர்ல நல்ல மாடு கெடைக்கும்னு சொன்னாங்க. நானும் எங்க ஊட்டுக்காரரும் போனோம். நாகய்யான்னு ஒரு தெலுங்குக்காரரு, நமக்குப் புரியற அளவுக்குத் தமிழ் பேசுவாரு. அவர்கிட்ட ஒரு செவல மாடு இருந்துது. சிட்டம்மான்னு பேரு, கூடவே ஒரு கன்னுக்குட்டி. காக்கி டிராயரு, காக்கி சட்டை, தலையில துண்டு, வாயில பீடியோட அவரு கீழ குந்தினாரு. மாட்டுகிட்ட தெலுங்குல வளவளன்னு பேசிக்கினே கறந்தாரு. வாளி நொரைச்சு வழிஞ்சுது.

நான் சும்மா வுடுவனா? பொண்ணு பாக்கப் போன மாமியாக்காரி கெட்டா போங்க. பல்லைப் புடிச்சுப் பாத்தேன். சுழி பாத்தேன். மடியைத் தடவிப் பாத்தேன். முன்னாடி நடக்கவுட்டுப் பாத்தேன், பின்னாடி நடக்கவுட்டுப் பாத்தேன். எங்க ஊட்டுக்காரரு "போதும் வாடி, மாடு வெக்கப்படுது"ன்னாரு. நாகய்யா துட்டை எண்ணி வாங்கிக்கினு, "நல்ல மாடும்மா, தங்கம்"னு சொல்லி ஏத்தி வுட்டாரு.

மாட்டை அவ்ளோ பாத்தேன். கறந்த ஆளைத்தான் பாக்காம வந்துட்டேன்.

மறுநாள் விடியக்காலையில குளிச்சு, குங்குமம் வச்சு, மாட்டுக்கும் மஞ்சள் தடவி, வாளியை எடுத்துக்கினு போய் குந்தினேன். கன்னை வுட்டேன், ஊட்டுச்சு. கன்னை இழுத்துக் கட்டிட்டு மடியில கையை வச்சேன்.

அடுத்து எனக்குத் தெரிஞ்சது, வாளி ஒரு பக்கம் கெடக்குது, நான் ஒரு பக்கம் கெடக்கறேன். சிட்டம்மா ஒண்ணும் நடக்காத மாரி வைக்கோல் தின்னுக்கினு இருந்துது.

புது எடம், ஒரு நாள் ஆவும்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்க. சரின்னு வுட்டேன். சாயங்காலமும் அதே கதைதான். மறுநாள் எங்க ஊட்டுக்காரரு வீரமா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு வந்தாரு. இதெல்லாம் ஆம்பளைங்க வேலைன்னு சொல்லிட்டு குந்தினாரு. தொடையில குளம்பு அச்சோட எழுந்தாரு. அன்னிக்கு நைட் ஷிஃப்ட்டுக்கு நொண்டிக்கினே போனாரு.

அப்புறம் தெருவே யோசனை சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. கண்ணு பட்டுடுச்சு, சுத்திப் போடுன்னு ஒருத்தி. பருத்திக்கொட்டை ஆட்டி வையின்னு ஒருத்தி. ஒருத்தரு வந்து ஊசி போட்டா தானா எறங்கும்னாரு, அவரை நான் வெரட்டி வுட்டேன். வேப்பிலை அடிச்சோம், கற்பூரம் காட்டினோம், பருத்திக்கொட்டையும் வச்சோம். சிட்டம்மா எல்லாத்தையும் தின்னுச்சு. பால் மட்டும் வுடல. கன்னுக்குட்டி மட்டும் குடிச்சுக் குடிச்சு உருண்டையா ஆயிடுச்சு.

ஜமீலாக்கா தெனமும் காலையில வேலியோரமா வந்து நிப்பாங்க. ஒண்ணும் திட்ட மாட்டாங்க. "கறக்குதா தேவகி?"ன்னு மட்டும் கேப்பாங்க. நான் "நாளைக்குக் கறந்துடுங்க்கா"ன்னு சொல்லுவேன். சரின்னு போயிடுவாங்க. அவங்க ஊட்டுக்குள்ள காக்கித் துணியும் வெள்ளைத் துணியும் மூட்டையா சுவரோரமா கெடக்கறது எங்க வாசல்ல இருந்தே தெரியும்.

புதன்கிழமை சேதி வந்துது. நாளைக்குக் காலையில ஆபீசரு வர்றாராம். மாட்டைப் பாத்துட்டு, பால் கறக்கறதைப் பாத்துட்டு, போட்டோவும் எடுத்துக்கினு போவாராம்.

நேரா புதுவாயல் ஜங்ஷனுக்கு ஓடினேன். அங்க ஒரு ரூபா காயின் போன்ல நாகய்யாவுக்குப் போட்டேன். அவரு ஊருல ஒரு மளிகைக்கடைக்குத்தான் போன். கடைக்காரரு போய் அவரைக் கூட்டிக்கினு வர்றதுக்குள்ள கையில இருந்த காயினெல்லாம் தீந்துடும் போல இருந்துது. வந்ததும் நான் புடிச்சுக்கினேன். ஏமாத்திட்டியே நைனா, மலட்டு மாட்டை என் தலையில கட்டிட்டியேன்னு கத்தினேன். கன்னு போட்ட மாட்டை மலடுன்னு திட்டறமேன்னு கூட எனக்குத் தோணல.

நாகய்யா பொறுமையா கேட்டாரு. அப்புறம் சிரிச்சாரு.

"யாரும்மா கறக்கறாங்க? நீயா? சேலை கட்டிக்கினா?"

"பின்ன இன்னா கட்டிக்கினு கறப்பாங்க?"

"அது கன்னுக்குட்டியா இருந்தப்ப இருந்து என்னைத்தான் பாத்துதும்மா. காக்கி சட்டை, தலையில துண்டு, பீடி வாசனை. அப்புறம் வாய் மூடாம தெலுங்குல பேசிக்கினே இருக்கணும். பேச்சு நின்னா பாலு நின்னுடும்."

இதை முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேட்டேன். நீ கேக்கலையேம்மான்னாரு. அதுக்குள்ள லைன் கட் ஆயிடுச்சு.

திரும்பி நடந்து வர்றப்ப எனக்கு ஒரு ஐடியா வந்துது. எங்க ஊட்டுக்காரரோட கம்பெனி யூனிஃபார்மே காக்கிதான். அவரு நைட் ஷிஃப்ட்டு முடிச்சு அதே டிரஸ்ஸோட காலையில வருவாரு. வந்த கையோட குந்தவச்சு ஒரு வாளி கறந்து வச்சுக்கினா போதும். ஆபீசரு வர்றப்ப நான் சேலையோட வாளி பக்கத்துல சிரிச்சுக்கினு நிப்பேன். இப்பதான் கறந்தேன் சார்னு சொல்லிடலாம்.

இவ்ளோ அழகா திட்டம் போட்டேன். காலையில அவரு வரல.

அவருக்கு மாத்து ஆளு வரலையாம், டபுள் டூட்டி பாக்கறாராம். அவரு கூட வேலை செய்யறவரு சைக்கிள்ல போறப்ப சேதி சொல்லிட்டுப் போனாரு. ஆபீசரு ஜமீலாக்கா ஊட்டுல டீ குடிச்சுக்கினு இருக்காருன்னும் அவரேதான் சொன்னாரு.

கொடியில எங்க ஊட்டுக்காரரோட இன்னொரு செட் காக்கி காஞ்சிக்கினு இருந்துது. அதைப் பாத்தேன். மாட்டைப் பாத்தேன். தெருக்கோடியைப் பாத்தேன்.

வேற வழி இல்லைங்க.

சேலையை அவுத்து வச்சுட்டு காக்கி பேண்ட்டை மாட்டினேன். இடுப்புல நிக்கல, கயிறு போட்டுக் கட்டினேன். சட்டையைப் போட்டேன். கொண்டையை மறைச்சு துண்டால தலப்பாக்கட்டு கட்டினேன். அடுத்து பீடி. எங்க ஊட்டுக்காரரு பீடியை வுட்டுட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருந்தாரு. அதனால எங்க ஒளிச்சு வச்சிருப்பாருன்னு எனக்கு நல்லா தெரியும். எடுத்துப் பத்தவச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். நெஞ்சுக்குள்ள அடுப்பு வச்ச மாரி எரிஞ்சுது. கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்குல பொகை போவுது. அப்படியே போய் கன்னை வுட்டு இழுத்துக் கட்டிட்டு குந்தினேன்.

சிட்டம்மா திரும்பி ஒரு பார்வை பாத்துது. மூக்கை ஒறிஞ்சுது. உதைக்கல.

இப்ப தெலுங்கு பேசணும். அதுதான் பேஜாரு. எனக்குத் தெலுங்கு எங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். புதுவாயல் ஜங்ஷன்ல நெல்லூர் பஸ் நிக்கறப்ப அந்த ஆந்திரா கண்டக்டரு ஊரு பேரெல்லாம் சொல்லி வாங்க வாங்கன்னு தெலுங்குல கூவறது. சரி, அதாவது தெரியுதேன்னு ஆரம்பிச்சேன்.

"தடா, தடா, தடா! சூளூர்பேட்டா, நாயுடுபேட்டா, கூடூரு, நெல்லூரூ! ராவாலி, ராவாலி, ராவாலி!"

சுர்ருன்னு பாலு எறங்குச்சு.

நான் சொல்றதை நம்புங்க. அத்தினி நாளா ஒரு சொட்டு வுடாத மாடு, நாயுடுபேட்டை வர்றதுக்குள்ள வாளியோட அடி மறையற அளவுக்கு வுட்டுடுச்சு. எனக்கு அழறதா சிரிக்கறதான்னே தெரியல. பீடியைப் பல்லுல கடிச்சுக்கினு, திரும்பத் திரும்ப தடாவுல இருந்து நெல்லூருக்குப் போய்க்கினே இருந்தேன்.

அந்த நேரத்துலதான் வேலிக்கதவு தெறக்கற சத்தம் கேட்டுது.

ஆபீசரும் ஜமீலாக்காவும் பின்பக்கமா வந்து நின்னாங்க. எனக்கு முதுகுதான் அவங்க பக்கம்.

"அண்ணாச்சி, தேவகியக்கா எங்க?"ன்னாரு ஆபீசரு.

நான் எப்படி பதில் சொல்றது? தமிழ்ல வாயைத் தொறந்தா பாலு நின்னுடும். பொம்பளைக் குரல்ல பேசினாலும் நின்னுடுமோன்னு பயம். அதனால கொரலைக் கட்டையாக்கிக்கினு, "சூளூர்பேட்டா"ன்னேன்.

ஆபீசரு திரும்ப ஒருக்கா கேட்டாரு. நான் "கூடூரு"ன்னேன்.

அப்புறம் அவரு ஜமீலாக்காகிட்ட பேச ஆரம்பிச்சாரு, கோவமா இல்ல, வருத்தமா. நான் இத்தனை மீட்டிங்ல படிச்சுப் படிச்சு சொன்னேனேக்கான்னாரு. பொம்பளை பேர்ல கடனை வாங்கி ஆந்திராவுல இருந்து ஆம்பளையாளைக் கொண்டாந்து வச்சிருக்காங்க பாருங்கன்னாரு. பால் நல்லாத்தான் கறக்கு, ஆனா தொழில் அவங்க கையில இல்லையேன்னாரு.

"மன்னிச்சிருங்கக்கா. இந்தக் குழுவுக்கு அடுத்த கடன் இப்பம் குடுக்க முடியாது."

ஜமீலாக்கா ஒண்ணும் சண்டை போடல. மெதுவாத்தான் சொன்னாங்க. "சார், ஸ்கூல் தெறந்துடுவாங்க சார்."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தாங்கல. பாலாவது மண்ணாவது. பீடியைத் துப்பிட்டு, தலப்பாக்கட்டைப் புடுங்கி எறிஞ்சுட்டு எழுந்து திரும்பினேன்.

"சார், நான்தான் சார் தேவகி!"

கொண்டை அவுந்து தோள்ல வுழுந்துது. ஆபீசரு பேயைப் பாத்த மாரி ரெண்டடி பின்னாடி போனாரு. ஜமீலாக்கா வாயைப் பொத்திக்கினாங்க. சிட்டம்மாவும் திரும்பிப் பாத்துது. இத்தினி நேரம் மடியைப் புடிச்சிருந்தது யாருன்னு அதுக்குப் புரிஞ்சு போச்சு.

வுட்டுது ஒரு உதை. வாளி பறந்துது. பறந்த வாளி நேரா போய் ஆபீசரு முட்டியில மோதி, பாலு பூரா இஸ்திரி பேண்ட்டுல எறங்கி, பளபளன்னு இருந்த ஷூவுக்குள்ள போய் சேந்துது.

நான் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். நாகய்யா, காக்கி, பீடி, தெலுங்கு, டபுள் டூட்டி எல்லாத்தையும். ஆபீசரு ஷூவைக் கழட்டிக் கவுத்துக்கினே கேட்டாரு.

"அக்கா, நீங்க சொல்லுதது சரி. ஆனா நான் என்னன்னு எழுத? பால் கறக்கும்போது பொம்பளையைக் காணும். பொம்பளை வந்தா பாலைக் காணும்."

"பாலு எங்க சார் காணும்? உங்க பேண்ட்டைப் பாருங்க."

அவரு பேண்ட்டைப் பாத்தாரு. அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு போல, ஆனா அடக்கிக்கினாரு. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்க்கான்னாரு. கடன் வாங்கின பொம்பளை பொம்பளையா தெரியணும், அவங்க கறக்கறது தெரியணும், ரெண்டும் ஒரே போட்டோவுல வரணும். இந்தக் கோலத்துல எடுத்து அனுப்பினா ஹெட் ஆபீஸ்ல என் சீட்டைக் கிழிச்சிருவாங்கன்னாரு.

நான் உள்ள போய் சேலையைக் கட்டிக்கினு வந்தேன். சேலைக்கு மேல காக்கி சட்டையை மட்டும் போட்டுக்கினு குந்தினேன். கன்னை மறுபடி வுட்டு இழுத்துக் கட்டினேன். சிட்டம்மா காலைத் தூக்கி ரெடியா வச்சுது. பீடி வேணும். ஆனா பொம்பளை வாயில பீடியோட போட்டோ எடுக்க முடியாதே.

நான் பீடிக்கட்டை ஆபீசரு பக்கம் நீட்டினேன்.

"எனக்குப் பழக்கம் இல்லக்கா"ன்னாரு.

"எங்களுக்கு மட்டும் பழக்கமா சார்? மாட்டு மூஞ்சிக்கு நேரா ரெண்டு ஊது ஊதுங்க, போதும்."

ஜமீலாக்காவைப் பாத்தாரு. தெருவைப் பாத்தாரு. வாங்கிப் பத்தவச்சாரு. பழக்கம் இல்லாத மனுஷன், இருமாம அவ்ளோ நேக்கா பொகை வுட்டதை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். நான் ஒண்ணும் கேக்கல.

பொகை வந்ததும் சிட்டம்மா காலைக் கீழ வச்சுது. நான் மடியில கையை வச்சு "தடா"ன்னு ஆரம்பிச்சேன். குரல் வரல. அந்தப் பீடி தொண்டையைத் தின்னுடுச்சு. காத்துதான் வருது. மாடு மறுபடி காலைத் தூக்குது.

அப்ப எனக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம் வந்துது.

"தடா, தடா, தடா! சூளூர்பேட்டா! நாயுடுபேட்டா!"

ஜமீலாக்கா! கடைக்காரன்கிட்ட பாக்கி சில்லறை கேக்கறதுக்குக் கூட மெதுவா பேசற பொம்பளை. முக்காட்டை இழுத்து இடுப்புல சொருவிக்கினு, கையைக் காத்துல வீசி வீசி, தொண்டை கிழியக் கூவறாங்க. "கூடூரு, கூடூரு, கூடூரூ! நெல்லூரூ! ராவாலி, ராவாலி!" பழவேற்காட்டுக்குப் போக வர அதே ஜங்ஷன்ல நின்னு நின்னு கேட்டவங்க இல்லையா, என்னைவிட நல்லாவே கூவினாங்க.

பாலு சுர்ருன்னு எறங்குச்சு.

வேலிக்கு வெளிய கூட்டம் சேந்துடுச்சு. பையும் கையுமா ஒரு பெரியவரு வந்து, நெல்லூர் பஸ் இப்ப தெருவுக்குள்ளயே வருதான்னு கேட்டாரு. பதில் சொல்ல யாருக்கும் நேரமில்ல. ஆபீசரு பீடியைப் பல்லுல கடிச்சுக்கினு, ஒரு கண்ணை மூடிக்கினு, கேமராவுல பாத்து, "அக்கா, சிரிங்க, சிரிங்க"ன்னாரு. நானும் சிரிச்சேன். வாளியில நொரை ஏறிக்கினே வந்துது.

க்ளிக்குன்னு ஒரு சத்தம். அவ்ளோதான்.

ஆபீசரு பீடியைக் கீழ போட்டு ஷூவால மிதிச்சாரு. ஷூவுல இருந்து இன்னும் பாலு வந்துது. திண்ணையெல்லாம் தேடாம நின்ன எடத்துலயே கையெழுத்துப் போட்டாரு. தொழில் நடக்குது, கடன் வாங்கினவங்களே நேரடியா செய்யறாங்கன்னு எழுதினதா சொன்னாரு. குழு ஒத்துமையைப் பத்தியும் ரெண்டு வரி எழுதியிருக்காராம். அப்புறம் ஜமீலாக்கா பக்கம் திரும்பி, திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்கக்கா, கடன் ரெடியா இருக்கும்னாரு. இந்தப் பீடி விஷயம் மட்டும் மீட்டிங்ல வேண்டாம்னும் சொன்னாரு.

ஜமீலாக்கா வந்து என் கையைப் புடிச்சுக்கினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அத்தினி நாளா இவங்க மூஞ்சை நேரா பாக்க முடியாம திரிஞ்சேன், இப்ப பாத்தேன். ஏன் அழறீங்கன்னு ஆபீசரு கேட்டாரு. பொகை சார்னு சொல்லிட்டேன்.

மத்தியானம் எங்க ஊட்டுக்காரரு டபுள் டூட்டி முடிச்சு வந்தாரு. நடந்ததெல்லாம் கேட்டாரு. சிட்டம்மா பால் வுட்டதைப் பத்தி சந்தோஷப்படுவாருன்னு பாத்தா, "என் பீடி எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"னு மட்டும் கேட்டாரு. அந்தப் பேச்சு எப்படிப் போச்சுன்னு நான் இங்க எழுத விரும்பல.

ஜமீலாக்காவுக்கு மெஷின் வந்துது. ராவும் பகலும் தச்சாங்க. நாங்க குழுவுல இருந்தவங்க பட்டன் கட்டினோம், காஜா எடுத்தோம், நான் டீ போட்டுக் குடுத்தேன், சிட்டம்மா பால்லதான். ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னாடியே யூனிஃபார்ம் பூரா போய் சேந்துடுச்சு.

பசங்க டிராயருக்கு வெட்டினது போக மிஞ்சின காக்கித் துணியில ஜமீலாக்கா எனக்கு ஒரு நைட்டி தச்சிக் குடுத்தாங்க, பீடிக்குன்னு தனியா ஒரு பாக்கெட் வச்சு.